தாலி கொடுத்த பொற்கொடி

உட்காருங்கள் அம்மா, இந்த இடம் காலிதான். பையை மேலே வைத்துவிடுங்கள், மடியில் வைத்துக்கொண்டு துறையூர் வரை போக முடியுமா. நானும் துறையூர்தான். தனியாக வரவில்லை. டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட்டில் ஒருத்தர், தோளில் போட்ட பொன்னாடையை இந்த வெயிலிலும் எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான் என் வீட்டுக்காரர். பெயர் அறிவுடைநம்பி. பெயரை வைத்து எதையும் முடிவுகட்டாதீர்கள்.

சண்டையெல்லாம் இல்லை. அவரிடமிருந்து எனக்கு ஒரே ஒரு வாக்கியம் வரவேண்டியிருக்கிறது. அது வரட்டும், பிறகு பேச்சுவார்த்தையை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன். அவ்வளவுதான்.

நீங்கள் துறையூருக்குப் புதிதா? பாங்க்கில் மாற்றலாகி வந்திருக்கிறீர்கள், சரி. கட்சித் தலைவர் கொற்றவேலைப் பற்றி எடுத்திருக்கிறார்களே, அந்தப் படம் பார்த்தீர்களா? பார்த்தீர்கள். எல்லோரும் பார்க்கிறார்கள். அழுதீர்களா? எந்த இடத்தில்? கல்யாணக் காட்சியில். அப்படித்தான் இருக்கும். மணப்பெண் பொற்கொடி தாலித் தட்டோடு வந்து நின்று, 'ஐயா, என் தாலி கட்சிக்கு நான் வைக்கும் முதல் சீர்' என்று கொற்றவேல் கையில் கொடுக்கிறாளே, அந்த இடத்தில்தான் எல்லோரும் மூக்கைச் சிந்துகிறார்கள்.

அந்தப் பொற்கொடி நான்தான்.

அப்படிப் பார்க்காதீர்கள். படத்துப் பெண் என்னைவிட ஒல்லி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் தாலியைக் கொடுக்கவில்லை. அந்த மனிதர் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சொல்கிறேன், டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள் முதலில்.

என் பெயர் ஹேமலதா. அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. நான் படித்தது திருச்சியில் கான்வென்ட். சிஸ்டர் பெர்னதெத் என்று ஹெட்மிஸ்ட்ரஸ். யாரையாவது குறுக்கிட்டுப் பேசவேண்டுமென்றால் முதலில் 'எக்ஸ்கியூஸ் மீ' என்று ஆரம்பிக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்கேலால் ஒன்று வைப்பார். அந்தப் பழக்கம்தான் என்னை மேடையில் கவிழ்த்தது, வருகிறேன்.

இவர்கள் குடும்பம் பரம்பரைக் கட்சிக் குடும்பம். மாமனார் ஒன்றியச் செயலாளர். இவர் மாணவரணி. கல்யாணம் என்றால் ஐயர் கிடையாது, அம்மி கிடையாது, கொற்றவேல் தலைமையில்தான். பத்திரிகையில் என் பெயரையே மாற்றிவிட்டார்கள். ஹேமா என்றால் பொன், லதா என்றால் கொடி, ஆகவே பொற்கொடி. கேட்டுவிட்டா செய்தார்கள்? அச்சடித்து வந்த பிறகு எனக்கே ஒன்று கொடுத்தார்கள். நான் வேறு யாருக்கோ கல்யாணம் என்று நினைத்தேன்.

எனக்கு அரசியலே பிடிக்காது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் இரண்டு மாவு மில். ஒன்று கொற்றவேல் ஆள், இன்னொன்று எதிராள். நான் அரிசியை இங்கே திரிப்பேன், கோதுமையை அங்கே திரிப்பேன். அவ்வளவு நடுநிலை. அந்த மனிதரைப் பற்றி ஊரில் கேட்டுப்பாருங்கள், அவரால்தான் காலேஜ் வந்தது என்பான் ஒருத்தன். அவரால்தான் வரவேண்டிய நூற்பாலை வேறு ஜில்லாவுக்குப் போனது என்பான் இன்னொருத்தன். சில சமயம் இரண்டையும் ஒரே ஆளே சொல்வான், குடிப்பதற்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இரண்டு தடவை மந்திரி, நாலு தடவை கூட்டணி மாற்றம், கடைசி எலக்‌ஷனில் டெபாசிட் காலி. படத்தில் நாலு மாற்றத்தை இரண்டாகக் குறைத்துவிட்டார்கள். நீளம் கருதி என்று வைத்துக்கொள்வோம்.

கல்யாணத்துக்கு வருவோம். காலை முகூர்த்தம். முகூர்த்தம் என்று சொல்லக்கூடாது, காலை நிகழ்ச்சி. அந்த மனிதர் வரும்போது மதியச் சாப்பாடு ஆறிவிட்டது. மண்டபம் நிரம்பி ரோடு வரை ஆள். நானும் இவரும் மாலையோடு நிற்கிறோம், மாலையில் பாதிப் பூ உதிர்ந்துவிட்டது. வந்தார். நேராக மேடைக்கு வந்தார். மாமனார் தட்டை நீட்டினார். அந்த மனிதர் தாலியைக் கையில் எடுத்தார். எடுத்து இவரிடம் கொடுக்க வேண்டும், இவர் எனக்குக் கட்ட வேண்டும், பிறகு வாழ்த்துரை. எல்லாக் கல்யாணத்திலும் அதுதான் முறை. ஆனால் நடுவில் மைக்கை வைத்துவிட்டார்களே. அவர் முன்னால் மைக்கை வைப்பதும் எலி முன்னால் கருவாட்டை வைப்பதும் ஒன்று.

பேச ஆரம்பித்தார். தாலி கையில்.

முதலில் மணமக்கள் என்றார். அப்புறம் தமிழ் என்றார். அப்புறம் தலைமை நிலையத்தில் தனக்கு நடந்த துரோகம் என்றார். கையை ஆட்டி ஆட்டிப் பேசுவார் இல்லையா, ஆட்டும்போதெல்லாம் தாலி இந்தப் பக்கம், அந்தப் பக்கம். என் கண் அதன் பின்னாலேயே போகிறது. என் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து மாரியம்மனை வேண்டிக்கொண்டிருக்கிறாள். மேடையில் மாமனார் இருக்கிறார், மாவட்டம் இருக்கிறார், வட்டம் இருக்கிறார், ஒருத்தராவது 'ஐயா, கையில் தாலி' என்று சொல்லவேண்டுமே. அவர் பேசும்போது யாரும் இருமக்கூட மாட்டார்கள். இருமுகிறவன் எதிர்க்கட்சி.

நான்தான் பொறுக்கமுடியாமல் வாயைத் திறந்தேன். பழக்கதோஷம். 'எக்ஸ்கியூஸ் மீ சார்' என்றேன்.

திரும்பிப் பார்த்தார்.  பிறகு கூட்டத்தைப் பார்த்து, "கண்டீர்களா தோழர்களே, மணமேடையிலும் ஆங்கிலம் என் கையைப் பிடித்து இழுக்கிறது" என்றார். மண்டபம் இடிந்துவிழுகிற மாதிரி கைதட்டல். என் பக்கத்தில் நின்றுகொண்டு இவரும் கைதட்டினார். மாலையோடு.

அப்புறம்தான் சொன்னார் அந்த வரியை. படத்தில் கேட்டீர்களே, 'உறவை இணைக்க வந்தேன், ஊழலைப் பிரிந்து போகிறேன்' என்று. அப்படிச் சொல்லவே இல்லை. யாரோ டயலாக் ரைட்டர் வேலை. அவர் சொன்னது, "முடிச்சுப் போட அழைத்தீர்கள்" — இங்கே நிறுத்தினார். எவ்வளவு நேரம் நிறுத்தினார் தெரியுமா, மின்விசிறி சத்தம் கேட்டது. பிறகு தாழ்ந்த குரலில், "முப்பதாண்டு முடிச்சு ஒன்றை அவிழ்த்துவிட்டுப் போகிறேன்." இதுதான் வரி. அந்த நடிகன் ஒரே மூச்சில் கத்திவிட்டுப் போகிறான், பின்னால் வயலின் வேறு. குரலில் அந்தக் கரகரப்பு எங்கே, அந்த நிறுத்தம் எங்கே. தியேட்டரிலேயே எனக்கு எரிச்சல். பார்க்காத ஆளை நடிக்கச் சொன்னால் இப்படித்தான்.

முப்பது வருஷம் இருந்த கட்சியை விட்டு அந்த மேடையிலேயே விலகிவிட்டார், கட்சி உடைந்தது. மறுநாள் பேப்பரில் முதல் பக்கம், என் கல்யாண மேடை. போட்டோவில் எங்கள் இரண்டு பேரையும் வெட்டிவிட்டார்கள், என் முழங்கை மட்டும் தெரியும்.

பேசி முடித்தார், இறங்கினார், கூட்டம் அப்படியே தூக்கிக்கொண்டு போனது. காரில் ஏறிச் சென்னைக்குப் போய்விட்டார். தாலியோடு. மண்டபமே பின்னால் ஓடியது. மாவட்டம், வட்டம், மாமனார், பந்தி பரிமாறுகிறவர்கள், சமையல்காரர் கரண்டியோடு. இவரும் ஓடினார். என் பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை, மேடையிலிருந்து குதித்து ஓடினார். எனக்கு அந்த நிமிஷம் எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா. அடடா, காரை மறித்துத் தாலியை வாங்க ஓடுகிறார், வாயில்லாத மனிதர் என்று நினைத்தோமே, ஆம்பிள்ளைதான் என்று அம்மாவிடம் சொன்னேன்.

திரும்பி வந்தார், வேர்த்து விறுவிறுத்து. முகமெல்லாம் சிரிப்பு.

"ஹேமா, தலைவர் என்னைப் பாத்துக் கை காட்டுனாரு."

"தாலி?"

"எந்தத் தாலி?"

இதுதான் என் புருஷன் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

கடைசியில் என் அம்மா மஞ்சள் கிழங்கு ஒன்றைக் கயிற்றில் கட்டிக் கொடுத்தாள். அதைக் கட்டினார். மேடையில் நாங்கள், கீழே அம்மா, அப்பா, ஒரு பந்தல்காரர். பந்தல்காரர்தான் அட்சதை போட்டார். எதிர்க்கட்சிக்காரர்.

பிறகு வேறு தாலி செய்தார்கள், அதை விடுங்கள். தங்கமா எனக்குப் பெரிசு. அடுத்த வாரமே சென்னைக்குப் போய், 'ஐயா, அன்றைக்குக் கைமறதியாக எடுத்து வந்துவிட்டீர்கள்' என்று கேட்டால் என்ன. எத்தனை தடவை சொன்னேன். "தலைவர் இப்ப இருக்கிற நெருக்கடியில இதையா கேக்கிறது" என்பார். அந்த மனிதருக்கு நெருக்கடி இல்லாத நாள் எது. தேர்தல் முடியட்டும் என்பார். கூட்டணி முடிவாகட்டும் என்பார். அப்புறம் கேட்பதையே நான் விட்டுவிட்டேன். 'கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை, தப்பு' என்று ஒரு தடவை வாயால் சொல்லுங்கள் போதும் என்றேன். இன்றுவரை வரவில்லை. அந்த வாக்கியத்தைத்தான் சொன்னேன்.

படக்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள். உதவி டைரக்டர் ஒரு பையன், தாடி வைத்தவன், ரிக்கார்டரோடு. நான் அடுப்படியில் அவனுக்கு வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். மிக்ஸி ஓடுகிறது, ஹாலில் இவர் என்ன பேசுகிறார் என்று எனக்கு எப்படித் தெரியும். வந்தவன் ஆறு வடை தின்றுவிட்டு, போகும்போது என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். வடைக்கு இவ்வளவு மரியாதையா என்று நினைத்தேன்.

தியேட்டரில்தான் தெரிந்தது. அந்தப் பெண் தட்டோடு வருகிறாள், கண்ணில் பொலபொலவென்று தண்ணீர், 'முதல் சீர்' என்கிறாள். எனக்குப் பக்கத்து சீட்டு அம்மாள் விம்மி விம்மி அழுதுவிட்டு என்னிடமும் கைக்குட்டையை நீட்டுகிறாள். நான் இவரைப் பார்த்தேன். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, செய்து வைத்த மாதிரி உட்கார்ந்திருக்கிறார்.

"நான் எப்பங்க கொடுத்தேன்?" என்றேன்.

"சினிமான்னா முன்னப்பின்ன இருக்கும்."

வீட்டுக்கு வந்து அந்தத் தாடிக்குப் போன் போட்டேன். "அம்மா, சார்தாம்மா சொன்னாரு. சொல்றப்ப அவரே அழுதுட்டாரு" என்கிறான்.

பிறகு மெல்ல மெல்ல வெளியே வந்தது. எதிர்க்கட்சிக்காரன் ஒவ்வொரு தேர்தலிலும் சுவரில் எழுதுவான், 'தாலியோடு ஓடிய தலைவனுக்கா ஓட்டு' என்று. எனக்கு அது தெரியும், எங்கள் வீட்டுச் சுவரிலேயே எழுதியிருந்தான், கையெழுத்து நன்றாக இருந்தது. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று ஒரு இடைத்தேர்தல் கூட்டத்தில் இவர், 'அவர் எடுக்கவில்லை, என் துணைவியார் கொடுத்தார்' என்று விட்டிருக்கிறார். கைதட்டிவிட்டார்கள். அவ்வளவுதான், வருஷக்கணக்கில் ஊர் ஊராக என்னைத் தாலி கொடுக்க வைத்திருக்கிறார். எனக்கு மட்டும்தான் தெரியாது. நான் பேசினால் அந்த மனிதருக்கு அவமானம், நான் கொடுத்தேன் என்றால் எல்லோருக்கும் கௌரவம் என்கிறார். எல்லோரும் என்றால் யார் என்று கேட்டேன். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

படத்தின் மற்ற பகுதி எப்படி இருந்தது என்றா கேட்கிறீர்கள். கடைசியில் அந்த மனிதர் தனியாகச் செத்துப்போகிறார், ஜன்னலுக்கு வெளியே கொட்டுகிற மழை. சுத்தப் பொய். அவர் போனது அக்னி நட்சத்திரத்தில், மழையாவது ஒன்றாவது. ஸ்ரீரங்கத்தில் ஒரு வாடகை வீடு. கட்சியும் போய், காரும் போய், கூட இருந்தவர்கள் எல்லாம் அடுத்தவர் மேடைக்குப் போய்விட்டார்கள். தனியாக இருந்தார் என்பதும் பொய். இவர் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை டிபன் கேரியரோடு போவார். சமையல் யார் என்று நினைக்கிறீர்கள். ரத்தக்கொதிப்பு, உப்பு சேர்க்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உப்பில்லாமல் ருசியாகச் சமைப்பது என்ன லேசா. வாழைத்தண்டில் எலுமிச்சம்பழம் பிழிந்து, மிளகு தட்டிப்போட்டு, என்னென்னவோ செய்து பார்த்து, மோர்க்குழம்பு ஒன்றுதான் அவருக்கு ஒத்துக்கொண்டது. சனிக்கிழமையே பாலை உறை ஊற்றிவிடுவேன், புளித்தால் அவருக்கு ஆகாது. தப்பாக நினைக்காதீர்கள், எல்லாம் இவருக்காகத்தான். எனக்கும் அந்த மனிதருக்கும் என்ன.

ஒரே ஒரு தடவை நானும் போனேன். இவருக்குக் காய்ச்சல், கேரியரைக் கொடுக்க ஆளில்லை. ஈஸிசேரில் சாய்ந்திருந்தார். அவ்வளவு பெரிய ஆள், ஒரு துண்டு மாதிரி கிடந்தார். என்னைப் பார்த்து, "நீ யாரு வீட்டுப் பொண்ணும்மா?" என்றார். குரல் மட்டும் அதே கரகரப்பு.

"நீங்க தலைமை தாங்கி நடத்தி வச்ச கல்யாணங்கய்யா" என்றேன்.

"நல்லபடியா நடந்துச்சா?"

"நடந்துச்சுங்கய்யா."

"சாப்பாடு எல்லாருக்கும் பத்துச்சா?"

"மிச்சமே ஆயிடுச்சுங்கய்யா."

சிரித்தார். நான் மோர்க்குழம்பை ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

என்ன, ஏன் நீங்கள் கேட்கவில்லை என்றா? நன்றாக இருக்கிறது. உடம்பு சரியில்லாதவரிடம் போய்க் கேட்பார்களா. அது வேறு, இவர் கேட்காதது வேறு. இவருக்கு அப்போது என்ன கேடு, மாணவரணி.

சரி, இன்றைக்கு எங்கே போய்வருகிறோம் என்று கேட்டீர்களே. படத்துக்கு வெற்றிவிழா, திருச்சியில் பெரிய மண்டபம். 'தாலி தந்த தாய் பொற்கொடி' என்று எனக்குப் பாராட்டு. வரமாட்டேன் என்றுதான் முதலில் சொன்னேன். பிறகு யோசித்தேன், மைக் கையில் கிடைக்கும் இல்லையா. ஊரறிய உண்மையைச் சொல்லிவிட்டு வரலாம் என்றுதான் கிளம்பினேன். இந்தப் பட்டு அதற்காக எடுத்ததில்லை, கிடந்தது. பிளவுஸ் மட்டும்தான் புதுசு.

போனதும் பெண்கள் வரிசையாக வந்து காலில் விழுகிறார்கள். ஒருத்தி கைக்குழந்தையை மடியில் போட்டுப் பெயர் வைக்கச் சொன்னாள். கூட்டத்தில் குழந்தையைக் காத்திருக்க வைக்கக் கூடாதே என்று வைத்தேன். மேடையில் ஒரு புலவர், கழுத்து வரை பட்டன் போட்டவர், அவர்தான் எல்லாரையும் அழைக்கிறார். எங்கள் இரண்டு பேருக்கும் பொன்னாடை போட்டார்கள், எனக்குக் கேடயம் கொடுத்தார்கள், மைக்கைக் கொடுத்தார்கள். இவர் பின்னால் நின்று கும்பிட்ட கையோடு என்னையே பார்க்கிறார். வேண்டாம் ஹேமா என்கிற பார்வை.

நான் சொல்லிவிட்டேன். தெளிவாக, ஒவ்வொரு வார்த்தையாக. "நான் தாலியைக் கொடுக்கவில்லை. அவர் மறந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். யாரும் கேட்கவில்லை."

 அப்பாடா என்று நினைத்தேன். புலவர் என் கையிலிருந்து மைக்கை மெல்ல வாங்கினார். "தோழர்களே, வலக்கை கொடுத்ததை இடக்கை அறியக்கூடாது என்பார்கள். இந்தத் தாயோ, கொடுத்த வலக்கையே அறியாத தாய்" என்றார்.

மண்டபம் எழுந்து நின்று தட்டுகிறது.

நான் மைக்கை இழுத்து, "இல்லைங்க, அவர்தான் எடுத்தார்" என்றேன்.

"கேட்டீர்களா? கேட்காமலே எடுத்துக்கொள்ளும் உரிமையை அன்றே தலைவருக்கு வழங்கியவர்."

விசில். நான் என்ன சொன்னாலும் அந்த ஆள் அதை எடுத்துத் துடைத்து மாலை போட்டுத் திருப்பித் தருகிறார். மூன்றாவது தடவை வாயைத் திறந்தேன், நாதஸ்வரத்தை வாசிக்கச் சொல்லிவிட்டார். கான்வென்ட்டில் இதற்கெல்லாம் சொல்லித்தரவில்லை.

ஆனால் ஒன்று கவனித்தேன். அவ்வளவு பேரும் தட்டினார்கள், இவர் தட்டவில்லை. கையைக் கீழே போட்டுவிட்டு நின்றார். கீழே இறங்கும்போது கையைக் கொடுத்தார், நான் பிடிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் காபி வாங்கிக்கொண்டு வந்தார், குடித்தேன், காபி மேல் எனக்கு என்ன கோபம். பேசவில்லை. தட்டாமல் இருப்பது ஒரு பதிலா. ஊரே கேட்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், ஒருத்தர் காதிலும் ஏறவில்லை. பக்கத்தில் இருந்தவர் ஒருத்தர், அங்கேயே 'ஆமாம், அவள் சொல்வதுதான் நிஜம்' என்றால் போதாதா.

சத்தமாகப் பேசுகிறேனா? கேட்கட்டும். பாட்டைக்கூட நிறுத்திவிட்டான் போலிருக்கிறது கண்டக்டர். மண்ணச்சநல்லூர் தாண்டியதிலிருந்து எல்லோரும் இதைத்தான் கேட்டுக்கொண்டு வருகிறார்கள்.

ஏங்க, எங்கே எழுந்து வருகிறீர்கள். பஸ் வளைகிறது, கம்பியைப் பிடியுங்கள். தண்ணீர் பாட்டில் என்னிடம் இல்லை.

என்ன?

இந்த பாங்க் அம்மாவிடம் சொல்ல வேண்டுமா. சொல்லுங்கள்.

'அவங்க சொல்றதுதாம்மா நிஜம். தலைவரு பண்ணுனது தப்பு. நான் கார் பின்னாடி ஓடுனேன், கேக்கல. கேட்டிருக்கணும்.'

கேட்டீர்களா. நீங்கள்தான் சாட்சி. ஏங்க, பொன்னாடையை எடுங்கள் முதலில், கழுத்தெல்லாம் வேர்வை. போய் உட்காருங்கள், விழுந்துவைக்கப் போகிறீர்கள்.

எனக்கு ஒன்றுமில்லை. ஜன்னல் பக்கம் தூசி.

என்ன சொன்னீர்கள் நீங்கள்? மெதுவாகச் சொன்னாலும் எனக்குக் காது கேட்கும். 'அப்ப அந்த ஆளு சரியான திருடன்தான்' என்றா?

அம்மா, வார்த்தையை அளந்து பேசுங்கள். யாரைத் திருடன் என்கிறீர்கள். ரெண்டு தடவை மந்திரியாக இருந்துவிட்டு வாடகை வீட்டில் செத்துப்போனவர். எடுத்ததே அவருக்குத் தெரியாது. அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போது கையில் என்ன இருக்கிறது என்று எவனுக்குத் தெரியும். நேற்று ஊருக்கு வந்தவர் நீங்கள், ஒரு சினிமாவைப் பார்த்துவிட்டு மூக்கைச் சிந்தினவர். நான் திட்டுவேன், என் கல்யாணம், நான் திட்டுவேன். நீங்கள் யார்?

என்னங்க, நீங்களும் அங்கிருந்து திரும்பிப் பார்க்கிறீர்கள். 'அவங்க சொல்றதுல என்ன தப்பு ஹேமா' என்றா?

நீங்கள் சும்மா இருங்கள். தலைவரைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்.